கடைசிக் காட்சியில் வந்த புகை

டென்னிஸ் ஓல்ட்ராய்டுக்கு எண்பத்திரண்டு வயதில் மூட்டுவலி உண்டு, காது மந்தம் உண்டு, நாற்பத்தெட்டு வருஷமாக ஆறாத ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. முதல் இரண்டுக்கும் டாக்டர் ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதற்கும் மருந்து இருக்கிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் ஒரு பெண் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்றதில் அடுப்பிலிருந்த ரொட்டி கருகிப்போனது.

பேசியவள் பெயர் இமோஜென். லண்டனில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. யாருக்கும் ஞாபகமில்லாத பழைய படங்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, டிவிடி போட்டு, அதையும் காசு கொடுத்து வாங்க நாட்டில் நாலு பேர் இருப்பார்கள் என்று நம்பிப் பிழைக்கிற கம்பெனி.

"'அவர்களுக்குக் குளிராது' படத்தோட நல்ல பிரதி ஒண்ணு கிடைச்சிருக்கு, மிஸ்டர் ஓல்ட்ராய்ட். கீறல், கறை எல்லாம் எடுத்துக்கிட்டிருக்கோம். நீங்க எதையாவது சரி பண்ணணும்னு நினைச்சா இப்பவே சொல்லிடுங்க. டிவிடிக்குப் போயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"கடைசிக் காட்சியில அந்தப் பொண்ணு வாயிலேர்ந்து புகை வரும். அதை எடுக்க முடியுமா?"

"குளிர்ல வர்ற மூச்சுப் புகைதானே? கம்ப்யூட்டர்ல ஒரு நாள் வேலை."

டென்னிஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் வேலையாம். அந்த ஒரு நாள் வேலை அன்றைக்கு முடியாமல் போனதால்தான் மனிதர் அதற்கப்புறம் ஒரு படமும் எடுக்கவில்லை. குழம்புப் பொடிக்கும் தரை மெழுகுக்கும் விளம்பரம் எடுத்தே தலை நரைத்தார். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் டீ வண்டி உருண்டு வருகிற சத்தம் கேட்டால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். ஏனென்று கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சொல்லி, கேட்க ஆளில்லாமல் போய், கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதை இதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். ஜனங்கள் பார்க்க வருவது பெரிய படத்தை. அதற்கு முன்னால், அவர்கள் இடம் தேடி உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி, குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிற நேரத்தில் திரையில் சும்மா ஓடிக்கொண்டிருப்பது சின்னப் படம். டென்னிஸுக்குக் கிடைத்தது சின்னப் படம். வேற்றுக்கிரகத்து ஆட்கள் நம் நடுவிலேயே குடியிருக்கிறார்கள் என்று கதை. தயாரிப்பாளர் ஜெரால்டு பிம் கொடுத்த பணத்தில் ஒரு ரப்பர் முகமூடிகூட வாங்க முடியாது. அதனால் அவர்கள் பார்க்க நம்மைப் போலவே இருக்கிறார்கள் என்று முடிவாயிற்று.

ஆனால் ஏதாவது ஒரு வித்தியாசம் வேண்டுமே. டென்னிஸ் ஹாலிஃபாக்ஸில் ஒரு ஜனவரிக் காலையில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது அது கிடைத்தது. வரிசையில் நின்ற அத்தனை பேர் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. இதில் ஒருத்தனுக்கு மட்டும் வரவில்லையென்றால்? அவருக்கே முதுகு சில்லிட்டது. பைசா செலவில்லாத பயம். நடிகர் வாயில் ஐஸ்கட்டியை ஊறவைத்துத் துப்பிவிட்டுப் பேசினால் மூச்சு குளிர்ந்து புகை வராது. அவ்வளவுதான் தந்திரம். அதைப் பற்றி இன்றைக்கும் அவருக்குக் கர்வம் உண்டு, அது நியாயமான கர்வமும்கூட.

கதாநாயகன் ஆர்தர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் சிலருக்கு மூச்சில் புகை வராததைக் கண்டுபிடிக்கிறான். யாரும் நம்ப மாட்டேனென்கிறார்கள். ஒவ்வொருவராகச் சுடுகிறான். கடைசியில் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓட ரயில்வே ஸ்டேஷனுக்கு வருகிறான். ரயில் போய்விடுகிறது. மனைவி திரும்பி, "வா ஆர்தர், வீட்டுக்குப் போகலாம்" என்கிறாள். திரை நிறைய அவள் முகம். வாயில் புகை இல்லை. அவன் கை கோட்டுப் பைக்குள் போகிறது. திரை இருட்டாகிறது. ஒரு வெடிச் சத்தம். முடிந்தது படம். ஆர்தர் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி என்று அந்த ஒரே முகத்தில் தெரிய வேண்டும். அந்தப் புகையில்லாத வாய்க்காகத்தான் டென்னிஸ் மற்றதையெல்லாம் எடுத்தார்.

மேட்டுநிலத்தில் ஆளில்லாத ஒரு ஸ்டேஷனை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். டிசம்பர். காதுமடல் கழன்று விழுகிற குளிர். மனைவியாக நடித்தவள் ஷீலா ரெட்ஃபெர்ன், இருபத்தாறு வயது, மெல்லிய கோட்டு. காலையிலிருந்து அவள் வாயில் ஐஸ். தூரக் காட்சி, கிட்டக் காட்சி, பக்கவாட்டுக் காட்சி, எல்லாவற்றுக்கும் ஐஸ். மத்தியானத்துக்கு மேல் உதடு நீலம் பாரித்து நாக்கு தடித்துவிட்டது.

"டென்னிஸ், எனக்கு நாக்கு இருக்கான்னே தெரியல."

"பிரமாதமா இருக்கு. அப்படியே இரு."

முகத்தைத் திரை நிறைய எடுக்கிற அந்தக் கடைசி ஷாட் மட்டும் பாக்கி. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் பிளாட்பாரத்தின் மறுகோடியிலிருந்து டீ வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. மிஸஸ் கோப் வந்துவிட்டாள். அகலமான உடம்பு, தலையில் கம்பளித் துணி, தள்ளுவண்டியில் கொதிக்கிற பாத்திரம்.

சாயங்கால டீக்கு விடுவது யூனியன் விதி. அதை ஒத்திப்போட வேண்டுமென்றால் யூனிட்டின் சம்மதம் வேண்டும். யூனிட்டுக்காகப் பேசுகிறவர் விளக்குக்காரர்களின் தலைவர் ஆல்ஃப் டட்டன். டென்னிஸ் அவரிடம் ஓடினார்.

"ஆல்ஃப், ஒரு பத்து நிமிஷம். ஒரே ஒரு ஷாட். முடிச்சுட்டு எல்லாரும் நிம்மதியா டீ குடிக்கலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க, தலைவரே. நேத்து டீ குடிக்கறப்ப அது டீயா இல்ல, கழுநீரா இருந்துச்சு."

"இன்னிக்கு மட்டும்."

"முந்தாநேத்தும் இன்னிக்கு மட்டும்தான்." ஆல்ஃப் கையுறையைக் கழற்றினார். "பசங்களா, டீ."

டென்னிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராக்காரரை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போனார். டீ நேரம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு, மேகத்தைத் திட்டிக்கொண்டு, காலைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். வண்டியருகில் என்ன நடக்கிறது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெஞ்சில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த ஷீலாவை மிஸஸ் கோப் பார்த்தாள்.

"அடக் கண்ணு, என்ன இது, செத்த பிணம் மாதிரி ஆயிட்டே. இந்தா, குடி. சக்கரை மூணு போட்டிருக்கேன்."

இங்கிலாந்தில் நடுங்குகிறவள் கையில் ஒருத்தி டீயை வைத்தால் அவள் வேண்டாமென்று சொல்ல மாட்டாள். சொல்லத் தெரியாது. சொன்னால் கொடுத்தவள் மனசு என்ன பாடுபடும். ஷீலா ஐஸைத் துப்பினாள், டீயைக் குடித்தாள், இன்னொரு கப் வாங்கி அதையும் குடித்தாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. குளிருக்கு டீ குடிப்பதில் தப்பு இருக்கும் என்று அங்கே யாருக்குத் தோன்றும்?

கேமரா ஓடியது. ஷீலா திரும்பினாள். நாள் முழுக்க இறுகிக் கிடந்த அவள் முகத்துக்கு அப்போதுதான் உயிர் வந்திருந்தது. "வா ஆர்தர், வீட்டுக்குப் போகலாம்" என்றாள், அவ்வளவு பிரியமாக. கெட்டில் மூக்கிலிருந்து வருவதுபோல வாயிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது.

"நிறுத்து. ஐஸ் எங்கே?"

ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. டீ குடிச்சுட்டேன்."

மறுபடி வாய் குளிர்வதற்குள் விளக்குக்காரர்களின் நேரம் முடிந்துவிட்டது. நேரம் தாண்டி வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு கால் மணி நேரம் யூனிட்டிடம் கேட்டு வாங்க வேண்டும், கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். டென்னிஸ் கேட்டார். வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஆல்ஃப் கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு நாள் கழுநீர் குடித்தவர்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை மேலே போயிற்று. அது மிஸஸ் கோப்புடையது.

"உங்களுக்கு ஓட்டு இல்லம்மா, நீங்க கேன்டீன்" என்றார் ஆல்ஃப்.

"பாவம்பா, அழுதுடுவார் போல இருக்கு" என்றாள் மிஸஸ் கோப். விளக்கு அணைந்தது.

மறுநாள் ஷீலா பிராட்ஃபோர்டில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு, அதில் வழக்கமாகப் பெண்ணே போடுகிற இளவரசன் வேஷம் கட்டப் போய்விட்டாள். ஸ்டேஷன் இல்லை, பணம் இல்லை, அந்த ஷாட்டுக்கு மாற்று இல்லை. படத்தொகுப்பில் டென்னிஸ் அந்த முகத்தை வெட்டிப் பார்த்தார், குறுக்கிப் பார்த்தார், இருட்டடித்துப் பார்த்தார். அது இல்லாமல் படத்துக்கு முடிவே இல்லை. ஜெரால்டு பிம்மிடம் போய் நின்றார்.

"ஒரு அரை நாள் கொடுங்க, ஜெரால்டு. ஷீலா லீவுல வந்து நடிச்சுக் கொடுக்கறேங்கறா."

"எதுக்கு? ஜனங்க அந்த நேரம் ஐஸ்கிரீமுக்கு வரிசையில நிக்கறாங்க. எவன் புகையப் பாக்கப் போறான்?"

ஒருவன் பார்த்தான். ஒரு சினிமாப் பத்திரிகையில் மூன்றே வரி: படமெடுத்தவர்களே தங்கள் விதியைக் கடைசியில் மறந்துவிட்டார்கள், நாமும் இந்தப் படத்தை மறந்துவிடலாம். நாடும் அவன் சொன்னபடி செய்தது. டென்னிஸ் மட்டும் மறக்கவில்லை.

இப்போது ஒரு நாள் வேலை என்கிறாள் இந்தப் பெண். செய் என்று அவர் அப்போதே சொல்லியிருப்பார். அவள்தான் ஒரு யோசனை சொன்னாள். ஷெஃபீல்டில் ஒரு திரைப்படச் சங்கம் அந்தப் பிரதியைப் போட்டுக் காட்டப்போகிறது, ஷீலாவும் வரச் சம்மதித்திருக்கிறார். அங்கே மேடையில் வைத்தே நடந்ததைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன், மறுநாள் நாங்கள் புகையை எடுத்துவிடுகிறோம். டென்னிஸுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு கூட்டத்துக்கு முன்னால் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடித்த கையோடு படமும் சரியாகிவிடும். அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஷீலா தன் சின்னக் காரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். எழுபத்துநாலு வயது, சிவப்பு உதட்டுச்சாயம், ஓட்டுவதில் இளவரசன் வேகம்.

"இன்னிக்காவது அந்த டீயை விட்டுத் தொலைப்பியா?"

"இன்னிக்குத்தான் விடப்போறேன். மேடையில சொல்லிட்டு விடறேன்."

"நாப்பத்தெட்டு வருஷம், டென்னிஸ். என் ரெண்டு புருஷன் மேலேயும் சேத்துகூட நான் இவ்வளவு நாள் கோவமா இருந்ததில்ல."

"உன் புருஷனுங்க உன் படத்தைக் கெடுக்கல."

"கெடுக்கற அளவுக்கு எனக்கு எங்கடா படம் கிடைச்சுது? உன் படம் ஒண்ணு, அப்புறம் சோப்பு விளம்பரம். ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாருன்னு மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே. எனக்கு ஓட்டத் தெரியும்."

நூலகக் கட்டடத்தின் மேல்தளத்தில் மடக்கு நாற்காலி போட்டு அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தை நடத்துகிற கீத் ஸ்டாங்க் கம்பளிச் சட்டை போட்ட, சந்தோஷமே உருவான ஆள். படம் ஓடியது. டென்னிஸ் கடைசிக் காட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். வெடிச் சத்தம் கேட்டது. யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை, இருமவில்லை. அப்புறம் கைதட்டல் நின்றபாடில்லை.

மேடையில் கீத் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடைசி மூச்சு" என்றார். "படம் பூரா நம்மளையும் ஆர்தர் மாதிரியே சந்தேகப்பட வெச்சுட்டு, கடைசியில ஒரே ஒரு மூச்சுல நம்ம எல்லாரையும் கொலைகாரங்களா ஆக்கிட்டாரு. அவன் சுட்டது சாதாரண மனுஷியை. இந்த யோசனை எப்படி வந்துச்சு, டென்னிஸ்?"

டென்னிஸ் இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த நேரம் இது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வரல. அது யோசனையே இல்ல. அவ வாயில புகை வரக்கூடாது. அவளும் அவங்கள்ல ஒருத்தி. டீக்கார அம்மா சூடா டீ கொடுத்துட்டாங்க, இவ குடிச்சுட்டா. அது தப்பு. படத்தோட முடிவே தப்பு."

அரங்கம் சிரித்தது. கேலியாகச் சிரித்திருந்தால்கூட அவர் சண்டைக்குப் போயிருப்பார். ரொம்ப அன்பாகச் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா" என்றார் கீத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ்வளவு பெரிய காரியத்தைப் பண்ணிட்டு, டீக்காரம்மா மேல போட்டுட்டாரு."

"நான் அடக்கத்துக்குச் சொல்லல. நிஜமாவே சொல்றேன். நான் அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்கக் கெஞ்சினேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். இங்கிலாந்து ஜனங்களிடம் ஒரு ஆள் தன்னைப் புகழ்ந்துகொண்டால் நம்ப மாட்டார்கள். தன்னைத் தாழ்த்திக்கொண்டால் அதையும் நம்ப மாட்டார்கள், அவர் தங்கமான மனிதர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். டென்னிஸும் அந்த ஜனத்தில் ஒருவர்தான் என்பதால் இதற்கு மேல் என்ன சொன்னாலும் சிரிப்புதான் ஏறும் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. உதவிக்கு ஷீலாவைப் பார்த்தார்.

"சொல்லேன் நீயாவது."

"ஆமாங்க, நான் டீ குடிச்சேன். ரெண்டு கப்" என்றாள் ஷீலா. சிரிப்பில் கூரை பறந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் வெளிக்கூடத்தில் பிஸ்கட் தட்டைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து டென்னிஸின் கையைக் குலுக்கினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "அது தப்பு" என்றார். ஒவ்வொருவரும் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மனிதருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியாக மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி வந்தாள். அறுபதை நெருங்குகிற வயது. கையைக் குலுக்கவில்லை.

"நீங்க சொன்னதுக்கு நான் சிரிக்கல, மிஸ்டர் ஓல்ட்ராய்ட்."

"அப்பாடா. ஒருத்தராவது நம்பினீங்களே."

"நம்பறேன். என் பேரு கிறிஸ்டா. எங்கம்மா ஜெர்மன்காரங்க. உலக யுத்தம் முடிஞ்சப்ப எங்கப்பா இங்கிலீஷ் பட்டாளத்துல இருந்தாரு, ஹாம்பர்க்ல அம்மாவைக் கட்டிக் கூட்டிட்டு வந்துட்டாரு. ராதர்ஹாம்ல இருந்தோம்."

அம்மா கறிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும் என்றாள். யாரும் திட்டியதில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் ஒருநாள் கொடியில் துணி போட்டுக்கொண்டே சொன்னாளாம்: "உங்களைப் பாத்தா எங்களை மாதிரியேதான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

அது கிட்டத்தட்ட ஆர்தர் பேசுகிற வசனம். படத்தின் முதல் பாதியில், தலைமையாசிரியரிடம். டென்னிஸ் அதை எழுதிய அன்றைக்கு நல்ல வசனம் விழுந்துவிட்டதென்று அவர் தனக்குத்தானே ஒரு பியர் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நாங்க சிரிப்புப் படம் பாக்கத்தான் போனோம்" என்றாள் கிறிஸ்டா. "முன்னாடி உங்களோடது ஓடிச்சு. அந்த வசனம் வந்ததும் அம்மா எழுந்திரிச்சுப் போயிடலாம்னாங்க. நான்தான் ஐஸ்கிரீம் வேணும்னு அடம்புடிச்சு உக்கார வெச்சேன். எனக்குப் பத்து வயசு. கடைசியில அந்தப் பொண்ணு வாயில புகை வந்துச்சு. அம்மா என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, 'பாத்தியா, அவ மனுஷிதான்'னாங்க. சத்தமாவே சொன்னாங்க. பேச்சுல ஜெர்மன் வாடை தெரிஞ்சுடும்னு வெளியில வாயே திறக்க மாட்டாங்க. அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல சொன்னாங்க."

டென்னிஸ் காதை அவள் பக்கம் இன்னும் சாய்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க எழுதின கதையில அவ அவங்கள்ல ஒருத்தி. அப்படீன்னா அவன் சுட்டது சரியா?"

"கதைப்படி... ஆமா."

"தியேட்டர்ல இருக்கறவங்களும் சரின்னு நினைக்கணும்?"

"ஆமா. அதுக்குத்தான் அந்த ஷாட்."

அவள் மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கோபமில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "டீ கொடுத்தாங்களே, அவங்க பேரு என்ன?"

"மிஸஸ் கோப்."

"முழுப் பேரு?"

"தெரியாது. கேட்டதில்ல."

கிறிஸ்டா தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

டென்னிஸுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் படம், நான் எழுதினேன், யாருடைய அம்மா ராதர்ஹாமில் என்ன பட்டால் எனக்கென்ன என்று மனசுக்குள் கத்திப் பார்த்தார். அந்த வாதம் நிற்கவில்லை. பிரியமாக வீட்டுக்குக் கூப்பிடுகிற ஒரு பெண்ணை ஒருத்தன் சுடுகிறான், ஊரே சரிதான் என்று எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போக வேண்டும். இதுதான் அவர் நாற்பத்தெட்டு வருஷமாகப் பறிகொடுத்துவிட்டதாக அழுத படம். எத்தனையோ தடவை சொன்ன கதையில் இந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் நின்று பார்த்ததே இல்லை. படத்தை ஒரு தடவை பறித்தது டீ. இப்போது மழைக்கோட்டு போட்ட ஒருத்தி இரண்டாம் தடவையாகப் பறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இமோஜென் தட்டில் இரண்டு பிஸ்கட்டோடு வந்தாள், பின்னாலேயே ஷீலா.

"நாளைக்குக் காலையில ஆரம்பிச்சுடறோம், மிஸ்டர் ஓல்ட்ராய்ட். சாயங்காலம் புகை இருக்காது. உங்க வாயால ஒரு தடவை சரின்னு சொல்லிட்டீங்கன்னா போதும்."

"வேண்டாம்."

"என்னது?"

"காது எனக்குத்தானே மந்தம், உனக்குமா? புகையை எடுக்காதேங்கறேன். இருக்கட்டும்."

ஷீலா அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீ சும்மா இரு."

"ஆபீஸ்ல காரணம் கேப்பாங்க" என்றாள் இமோஜென். "நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

டென்னிஸ் யாரையும் பார்க்காமல் பிஸ்கட் தட்டைப் பார்த்துப் பேசினார். அவருக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"அந்தப் பொண்ணு மனுஷின்னு எனக்குத் தோணவே இல்ல. கதை எழுதறப்பவும் தோணல. இவளை நாள் பூரா வாயில ஐஸோட குளிர்ல நிக்க வெச்சேனே, அப்பவும் தோணல. அங்க இருந்த அத்தனை பேர்ல ஒருத்தருக்குத்தான் தோணுச்சு. குளிருதேன்னு டீ கொடுத்தாங்க."

ஷீலா அவர் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

இமோஜென் மெல்லச் சொன்னாள். "இது ரொம்ப நல்லா இருக்கு. உங்க குரல்லயே பதிவு பண்ணி டிவிடியில சேத்துடலாமா?"

"சேக்காதே" என்றார் டென்னிஸ். "சிரிப்பானுங்க."